மஞ்சப்பைக்குப் பின்னால் ஓடும் தண்ணீர்

2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. துணிப்பையில் கடைப்பெயர் அடித்துத் தரும் பட்டறை ஒன்று திண்டிவனத்தில் கழிவுநீர்த் தொட்டியை மாற்றிக் கட்டியிருப்பதாக நண்பர் சொன்னார். அவரே கூட்டிப்போனார்.

முன்கட்டில் அச்சு வேலை மும்முரமாக நடந்தது. அதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. பின்கட்டில் அச்சுச் சட்டம் கழுவும் அக்காவிடம் போய் நின்றுகொண்டேன்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைமேல் டைகுரோமேட் கலந்த பசையைப் பூசி, வெளிச்சத்தில் காட்டுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். படாத இடம் தண்ணீரில் கரைந்து எழுத்து திறக்கும். ஆர்டர் முடிந்ததும் மையைக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் பழைய எழுத்தை உரிப்பார் அக்கா. இத்தனை தண்ணீரும் முன்பு ஒரே வாய்க்காலில் போயிற்று.

“கையுறை போட்டா வலையில பசை மிச்சம் இருக்கிறது விரலுக்குத் தெரியல சார்,” என்றார். டைகுரோமேட் தோலைப் புண்ணாக்கும். அதிலுள்ள அறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் வருவிப்பது. அக்காவிடம் அதை யாரும் சொன்னதில்லை.

பழைய ஏற்பாடு ஒரு டிரம், கொஞ்சம் படிகாரம், மணல். மையின் நிறம் போனது, டைகுரோமேட்டின் மஞ்சள் போகவில்லை. படிகாரம் மிதக்கும் துகளைத் திரட்டி அடியில் இறக்கும். கரைந்த அறு இணைதிறன் குரோமியத்தை ஒன்றும் செய்யாது. அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) போட்டு அதன் வீரியத்தைக் குறைத்து, பிறகு சுண்ணாம்பு சேர்த்தால்தான் வண்டலாக இறங்கும். இப்போது மஞ்சள் தண்ணீருக்குத் தனி டிரம். ப்ளீச்சிங் தண்ணீர் அதில் விழக்கூடாது. விழுந்தால் குறைத்த வீரியம் திரும்பிவிடும். மைத் தண்ணீர் மூன்று அறைத் தொட்டியில் தெளிந்து, மணலும் கரியும் தாண்டி வந்து முதல் கழுவலுக்கு உதவுகிறது. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர்தான்; துகள் ஒட்டினால் அச்சில் புள்ளி விழும். குரோமியம் இல்லாத டயசோ பசையும் உண்டு, விலை அதிகம்.

ஏரி, ஆற்றில் விடும் கழிவுநீரில் அறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக்கழிவு பாழாக்கிய பின், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களாவது இருக்கின்றன. இந்தப் பட்டறை தனி ஆள். அபாயக் கழிவைப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில். இரண்டு மூட்டை வண்டலுக்கு எந்த லாரி வரும்? மூட்டைகள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன.

பையின் மேல் ‘இயற்கையைக் காப்போம்’ என்று அடிக்கச் சொல்கிற ஏஜெண்டுக்கு இந்தத் தொட்டி கண்ணில் படுவதில்லை. டிரம்மும் அன்னபேதியும் கரியும் அவன் பேசும் விலையில் இல்லை. ஊருக்கு நல்ல பெயர் அவன் வாங்குகிறான். செலவைப் பட்டறை சுமக்கிறது, மிச்சத்தை அக்காவின் விரல்கள். அவருக்குச் சட்டக் கணக்கில்தான் கூலி. தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் கழுவுவதால் ஒரு நாளைக்கு முடிக்கிற சட்டம் குறைந்திருக்கிறது.

ஏஜெண்டிடம் பைக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் என்ன என்றேன் உரிமையாளரிடம்.

“கேட்டேன் சார். அடுத்த லோடு வந்தவாசிக்குப் போயிடும்னான்.”