தலைமடை மண்

பெங்களூருவின் பெள்ளந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பற்றி எரிந்தது. அதன் நீர் இறங்கும் வர்த்தூர் ஏரிக்குக் கீழே, ஒரு கீரை வயலில் மண் எடுக்கக் குனிந்திருந்தாள் ஆய்வு மாணவி ஒருத்தி.

சருகை விலக்கி 15 செ.மீ. ஆழம் வெட்டினாள். மண்வெட்டி உரசிய பகுதியை மரக்கரண்டியால் சுரண்டி எறிந்துவிட்டு உள்மண்ணை மட்டும் பிளாஸ்டிக் பையில் இட்டாள். துத்தநாகம் பூசிய வாளியானால், தேடும் உலோகத்தை அதுவே மண்ணில் சேர்த்துவிடும்.

உரத்தேவை அறிவதற்குப் பத்து இடத்து மண்ணைக் கலந்து, நான்காகப் பகுத்து, அரைக்கிலோவாகக் குறைப்பது முறை. மாசைத் தேடும்போது அதே முறை ஏமாற்றும். வாய்க்கால் நீர் முதலில் பாயும் தலைமடையில் காட்மியம் படிந்திருந்தாலும், கடைமடை மண்ணோடு கலந்தபின் சராசரி வரம்புக்குள் அடங்கிவிடலாம். (ஒரே மாதிரிக்கு ஒரே கட்டணம், கலப்பதன் கவர்ச்சி அதுதான்.) பாதரசம் தேடுவோர் சூட்டில் உலர்த்துவதும் இதே வகைப் பிழை, தேடுவது ஆவியாகிப் போய்விடும்.

தலைமடை, நடு, கடைமடை என மூன்று பைகளைத் தனித்தனியே கட்டிப் பெயரெழுதினாள்.

கீரை பறித்துக்கொண்டிருந்த மூதாட்டி நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பாத்தியில பறிக்கக் கூடாதுன்னு சொல்லுவியாம்மா?"

"அதுக்குத்தான் பாட்டி மூணு பை."