எழுபது வளைவுகளும் ஒரு கிளச்சும்

கொல்லிமலை என்றதும் தமிழறிந்தோர்க்குக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியே நினைவுக்கு வருவான். அண்ணன் தம்பியராகிய எங்கள் இருவருக்கோ, ஓரிக்கு முன்னரே எங்கள் தந்தையார் நினைவுக்கு வருவார். இளமையில் அவர் முதன்முதலாக ஆசிரியப் பணி ஏற்றது அம்மலையில்தான். பின்னர் நாமக்கல்லில் குடியேறிய போதிலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் புல்லட் வண்டியில் மலையேறிப் பழைய மாணவர்களைக் கண்டு வருவார். அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், அதே வண்டியில் அதே வழியில் சென்றுவர வேண்டுமென்று நாங்கள் விரும்பினோம்.

சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாகி வந்த வண்டி அது. வலக்காலில் கியரும் இடக்காலில் பிரேக்குமாக அமைந்த பழைய மாதிரி. மூன்றாண்டுகள் கொட்டகையில் கிடந்ததைத் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, தை மாதத்து விடியலொன்றில் புறப்பட்டோம்.

தொடக்கத்திலேயே வண்டி முரண்டு செய்தது. கிளச்சை முழுவதும் பிடித்துக்கொண்டு முதல் கியரைப் போட்டால், ஒரு துள்ளலுடன் முன்னே பாய்ந்து அணைந்துபோயிற்று. நெடுநாள் ஓடாத வண்டிதானே, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று எண்ணினோம். லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளில் சம்மட்டி ஓசை எழத் தொடங்கிய வேளையில் நாமக்கல்லைக் கடந்தோம்.

சேந்தமங்கலத்துக் கடைவீதியில் எங்கள் அலட்சியம் வெளிப்பட்டது. கூட்டத்தைக் கண்டு கிளச்சைப் பிடித்து வண்டியை நிறுத்தினோம். ஆனால் வண்டி நிற்கவில்லை. பிடித்த பிடியையும் மீறி முன்னே ஊர்ந்தது. எதிரே கொய்யாக் கூடையுடன் அமர்ந்திருந்த மூதாட்டியின் முழங்காலுக்கு ஒரு சாண் தொலைவில், பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி அணைந்து நின்றது. கூடை கவிழ்ந்து பழங்கள் வீதியெங்கும் உருண்டன. அந்த அம்மையார் எங்களைத் திட்டவில்லை. “வண்டியப் புடிக்கத் தெரியாட்டி எதுக்குச் சாமி ஏறறீங்க?” என்று மட்டும் கேட்டார். பழங்களைப் பொறுக்கிக் கூடையில் இட்டு, நசுங்கியவற்றுக்கு விலை கொடுத்தோம். எங்கள் கைகள் நடுங்கியது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அருகிலிருந்தோர் காட்டிய வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒரு பட்டறையை அடைந்தோம். முதிய மெக்கானிக் ஒருவர் அங்கிருந்தார். நடந்ததைக் கேட்டவர், கிளச் கேபிளைத் தொட்டுப் பார்த்தார்; அதில் குறையில்லை. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, சாவியைத் திருப்பாமலேயே கிளச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்தார். கால் எளிதில் இறங்கவில்லை.

“பாருங்க தம்பி, கிளச்சப் புடிச்சிருக்கறப்ப கிக்கர் லேசா எறங்கோணும். இங்க இஞ்சினும் சேர்ந்து சுத்துது. பிளேட்டு ஒட்டிக்கிச்சு” என்றார்.

வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்குதல் நலம். கிளச் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வட்டத் தகடுகளின் தொகுதி. ஒன்றுவிட்டு ஒன்றாக, ஒருவகைத் தகடுகள் இஞ்சினோடு சுழல்வன. மற்றவை கியர்ப் பெட்டியோடு இணைந்தவை. ஸ்பிரிங்குகள் அவற்றை நெருக்கி அழுத்துவதால் இஞ்சினின் ஆற்றல் சக்கரத்துக்குச் செல்கிறது. நாம் கிளச்சைப் பிடிக்கும்போது அவ்வழுத்தம் நீங்கித் தகடுகள் மயிரிழையளவு விலகுகின்றன. அவ்வாறு விலகாமல் ஒட்டிக்கொண்டால், நாம் நில் என்றாலும் வண்டி போய்க்கொண்டுதான் இருக்கும்.

பெரியவர் இடப்புற மூடியைக் கழற்றினார். உள்ளிருந்து எண்ணெய் பாகு போல் இறங்கியது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இத யார் ஊத்துனது?” என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம். தந்தையார் மறைந்த சில மாதங்களில், வண்டியைப் பேணுகிறோம் என்னும் எண்ணத்தில், கியர்ப் பெட்டிக்கு வாங்கிய கெட்டி எண்ணெயில் எஞ்சியதை அங்கே ஊற்றியவர்கள் நாங்களே. எண்ணெய் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்திருந்தோம்.

அவர் தகடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினார். எஃகுத் தகடுகளை ஒரு கண்ணாடிப் பலகைமீது வைத்துக் கோணல் பார்த்தார். ஒன்று மட்டும் வளைந்திருந்தது. அதற்கு மாற்றுத் தகடு இட்டார். ஸ்பிரிங்குகளைத் திரும்பப் பூட்டியபின், எங்களைக் கிளச்சைப் பிடிக்கச் சொல்லி, அழுத்தும் தகடு ஒருபுறம் சாயாமல் சமமாக எழுகின்றதா என்று குனிந்து கவனித்தார். சமமாகும்வரை ஸ்பிரிங்குகளின் முடுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் திருத்தினார். பின் அவ்விடத்துக்குரிய இலகுவான எண்ணெயை ஊற்றி மூடினார்.

“இனிமே ஒண்ணு செய்யுங்க. ராத்திரி பூரா நின்ன வண்டி. குளிர்ல பிளேட்டு லேசா ஒட்டத்தான் செய்யும். காலையில சாவி போடறதுக்கு முன்ன, கிளச்சப் புடிச்சிக்கிட்டு ரெண்டு மூணு தடவ வெறுங் கிக்கர் அடிங்க. கால் லேசா எறங்குச்சுன்னா பிளேட்டு பிரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.”

அதைக் கேட்டு நாங்கள் பேச்சற்று நின்றோம். எங்கள் தந்தையார் ஒவ்வொரு நாள் காலையிலும் அதையே செய்வார். சாவி போடாமல் மூன்றுமுறை மிதித்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். “அப்பா வண்டிக்குத் தோப்புக்கரணம் போடுகிறார்” என்று சிறுவயதில் நாங்கள் சிரித்ததுண்டு. அவரும் உடன் சிரிப்பாரேயன்றிக் காரணம் சொன்னதில்லை; நாங்களும் ஒருநாளேனும் கேட்டதில்லை.

விடைபெறும்போது பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: “எந்தக் கியர்ல ஏறுறீங்களோ அதே கியர்ல எறங்குங்க. எறக்கத்துல கிளச்சப் புடிச்சிக்கிட்டே வராதீங்க. இஞ்சின் புடிச்சு நிறுத்தாது, பிரேக்கு மட்டும் சூடேறிப் போகும்.”

நண்பகலில் காரவள்ளியை அடைந்தோம். வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட பலகை உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் கிளச்சைப் பிடித்துக் கியரைக் குறைக்கும்போது, அது விட வேண்டிய இடத்தில் விட்டது, பற்ற வேண்டிய இடத்தில் பற்றியது. சேந்தமங்கலத்தில் நிறுத்தாமல் வந்திருந்தால் இவ்வளைவுகளில் என்ன நேர்ந்திருக்கும் என்று இருவரும் எண்ணினோம், வாய்விட்டுச் சொல்லவில்லை. எழுபதாம் வளைவு கடந்ததும் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளும், முற்றங்களில் உலர்ந்துகொண்டிருந்த காப்பிப் பழங்களுமாக மலை எங்களை வரவேற்றது.

செம்மேட்டில் தந்தையாரின் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் இரவு தங்கினோம். எங்களைக் காணுமுன்பே, தெருவில் ஒலித்த வண்டிச் சத்தத்தைக் கேட்டு “சார் வண்டி!” என்று அவர் வெளியே ஓடிவந்தார்.

மறுநாள் காலை எங்கும் மூடுபனி. இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாவியைப் போடாமல் கிளச்சைப் பிடித்து மூன்றுமுறை மிதித்தோம். மூன்றாம் முறை கால் எளிதாக இறங்கியது. வாசலில் நின்றிருந்த அந்த மாணவர், “சாரும் இப்படித்தான் செய்வார். ஏன் என்றுதான் தெரியாது” என்றார்.

இம்முறை நாங்கள் காரணத்தைச் சொன்னோம்.