குருதி சொல்லும் கணக்கு

“உடம்பிலே இரத்தமே இல்லை, சாமி” என்று பாம்பன், தங்கச்சிமடம் பகுதிப் பெண்கள் சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதை முறையீடாக அவர்கள் சொல்வதில்லை. சோர்வும் மூச்சிரைப்பும் பெண்ணாய்ப் பிறந்ததன் கூலி என்றே எண்ணிவிட்டனர்.

ஆனால் இரத்தம் அளந்தறியக் கூடியது. குண்டூசித் தலையளவேயான ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 40 முதல் 50 லட்சம் சிவப்பணுக்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் வாழ்ந்து, நுரையீரலில் பெற்ற உயிர்வளியை உடலெங்கும் சேர்க்கிறது. அதனைத் தாங்கும் பொருளே ஹீமோகுளோபின்; அது உருவாக இரும்புச்சத்து வேண்டும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தசோகை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர்.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களை எண்ணிப் பார்ப்போம். விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாறையில் ஒட்டிய பாசியைப் பறிக்கின்றனர். அந்த நொடிகளில் அவர்களைக் காப்பது உடலில் சேர்த்துவைத்த உயிர்வளியே. சிவப்பணு குறைந்தால் அந்தச் சேமிப்பும் குறைகிறது.

கடலோரத்தில் மீனுக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். நல்ல மீன் ஏலத்துக்குப் போகிறது. எஞ்சியது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போக, கடைசியில் உண்ணும் தாய்க்குக் குழம்பே மிஞ்சுகிறது. மாதவிலக்கிலும் மகப்பேற்றிலும் இழந்த இரும்பு ஈடாவதில்லை. உணவோடு குடிக்கும் தேநீரோ உணவிலுள்ள இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது.

தவக்காலம் வரும்போது இது நம் பொறுப்பும் ஆகிறது. நாற்பது நாளும் மீனையும் இறைச்சியையும் விலக்கி, ஒருவேளை மட்டும் உண்ணும் தாய்மார் நம் பங்குகளில் உண்டு. மருத்துவ முகாமொன்றில் 8 கிராம் என்று எழுதிய சீட்டைக் கையில் வைத்தபடி ஒரு தாய், “நேர்ச்சையை விடலாமா, சாமி?” என்று கேட்டார். இலங்கைச் சிறையிலிருந்து கணவர் வீடு திரும்பியதற்கு நன்றியாக அவர் நேர்ந்துகொண்ட ஒருசந்தி அது. அதனை எளிதாய் எண்ண நமக்கு மனம் வரவில்லை.

திருச்சபைச் சட்டம் திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் மட்டுமே உண்ணாநோன்பைக் கடமையாக்குகிறது. அதுவும் 18 வயது நிறைந்தவர்க்கு, 59 வயது நிறையும் வரை. நோயுற்றோரையும் கருவுற்றோரையும் அது நெருக்குவதில்லை. தனி நேர்ச்சையையும் தகுந்த காரணத்துக்காகப் பங்குக்குரு நீக்கலாம். “அம்மா, நன்றி அப்படியே இருக்கட்டும், செலுத்தும் முறை மாறட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கித் தவறாமல் உண்ணுங்கள். மீனையும் முருங்கைக்கீரையையும் விலக்காதீர்கள்” என்றோம். அவர் முகம் தெளிய நேரமாயிற்று. “அப்படியென்றால் கணக்குக் குறையாதா?” என்று மீண்டும் கேட்டார், குறையாது என்று உறுதி கூறினோம். நான்கு மாதங்களுக்குப்பின் அவருடைய சீட்டில் 10.6 என்றிருந்தது.

நம் இல்லத்துப் பெண்கள் இறுதியாக எப்போது இரத்தப் பரிசோதனை செய்துகொண்டனர்? இன்று மதியம் அவர்கள் தட்டில் ஒரு துண்டு மீனாவது இருந்ததா? தவக்காலத்தில் நாம் செய்யும் ஒறுத்தல்களோடு இவ்விரு கேள்விகளையும் சேர்த்துக்கொண்டால், நம் ஒறுத்தலின் பயன் ஒரு தாயின் உடலில் சேரும்.