பேசுவோரும் கேட்போரும்

கப்பல்களில் மின்னணுக் கருவிகள் பொருத்துவது தம்பியின் தொழில். சென்ற மாதம் தூத்துக்குடியில் ஓர் இழுவைக் கப்பலில் வெப்பப் படக்கருவியை இணைக்கப் போனவன் நம்மையும் அழைத்துச் சென்றான். தமிழ் கற்பிக்கும் நமக்கு அங்கென்ன வேலை என்றெண்ணியே ஏறினோம்.

கப்பற்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழிகளுள் ஒன்று என்எம்இஏ 0183. 1983இல் வெளியானது. அதன் ஒவ்வொரு செய்திக்கும் 'வாக்கியம்' என்றே பெயர். பெரும்பாலும் டாலர் குறியில் தொடங்கிக் காற்புள்ளிகளால் பிரிந்து 82 எழுத்துக்குள் முடிந்துவிடும். அனுப்பும் கருவி பேசுவோர், பெறுவன கேட்போர். ஓர் இணைப்பில் பேசுவோர் ஒருவரே, கேட்போர் பலர். நம் வகுப்பறை நினைவுக்கு வந்தது.

வெப்பப் படக்கருவிக்கு வெளிச்சம் வேண்டாம்; உடற்சூடு போதும். ஆனால் கப்பல் எங்கே நிற்கிறது, எத்திசை நோக்குகிறது என்பதை அது அறியாது. ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் சொன்னால்தான், வரைபடத்தில் குறித்த புள்ளியை நோக்கித் தானே திரும்பும்.

"திசை அஞ்சு டிகிரி தப்பினா, ஆயிரம் மீட்டர்ல எண்பத்தேழு மீட்டர் தள்ளிப் பாக்கும்ணே" என்றான் தம்பி.

நீரில் விழுந்தவரின் தலை மட்டுமே வெளியே இருக்கும். நீருக்கடியில் உள்ள சூட்டை இக்கருவி காணாது.

1989இல் ஓரிரவு நம் தந்தை விசைப்படகிலிருந்து தவறி விழுந்தார். டார்ச் விளக்குடன் விடியும்வரை தேடினார்கள். அவர் கூவியிருப்பார், கேட்போர் இல்லை. அதைப்பற்றித் தம்பியும் நாமும் இதுவரை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

அவன் நான்காம் முறையாகத் திசையைச் சரிபார்த்தான். படக்கருவி கலங்கரை விளக்கத்துக்கு நேரே திரும்பி நின்றது.

வீடு திரும்பினோம். எங்கே போயிருந்தீர்கள் என்று அம்மா கேட்டாள். துறைமுகத்துக்கு என்று மட்டும் சொன்னோம்.