திங்கட்கிழமை மட்டும் திறக்கும் மைதானம்

தீபாவளி முடிந்தால் எங்கள் பக்கம் ஒரு மாதத்துக்குப் பெரிதாக வேலை இருக்காது. பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும். பெண்கள் நூறு நாள் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து முன்பணக் கணக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். எம். புதுப்பட்டியில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்துக்குப் பிள்ளைகள் ஒழுங்காக வருவதும் அந்த ஒரு மாதம்தான். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு சாயங்காலம் பெங்களூரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, ஒரு பாரம் நிரப்பணும். இங்கிலீஷ்ல இருக்கு."

பாரம் நிரப்புவது எங்களுக்குப் புதிதில்லை. விபத்து நிவாரணம், சாதிச் சான்றிதழ், விதவை பென்ஷன், நலவாரிய அட்டை என்று காலனியில் யாருக்கு எது தேவைப்பட்டாலும் எங்களிடம்தான் வருவார்கள். என்ன பாரம் தம்பி என்று கேட்டோம்.

"கோல்ஃப் க்கா. கோல்ஃப் ஆடுறவங்களுக்கு ஒரு பரீட்ச மாதிரி வைக்கிறாங்க. அதுல பாஸானா பெரிய போட்டில ஆடலாம்."

நாங்கள் சிரித்துவிட்டோம். இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்தச் சிரிப்பினால்தான்.

அந்தத் தம்பி எங்கள் மையத்தில் படித்தவர். மருந்து அறையில் நடந்த விபத்தில் அவருடைய அப்பாவுக்கு இரண்டு கையும் வெந்துபோயின. பத்தாவது முடிக்காமலேயே கட்டட வேலைக்கு ஆள் பிடித்துப்போன மேஸ்திரியோடு பெங்களூர் போனார். அங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டும் வேலை கிடைத்தது. பிறகு கேடி ஆனார். ஆடுகிறவரின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கிறவர்தான் கேடி. 18 குழி ஆடி முடிக்க ஆறேழு கிலோமீட்டருக்குக் குறையாமல் நடக்கவேண்டும். அந்தக் கிளப்பில் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பை தூக்கிய ஆட்டத்துக்குக் கூலி, மழை பெய்தால் அதுவும் இல்லை. திரி சொருகிய எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் அவருடைய அம்மாவுக்கு அதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அன்றைக்கு நாங்கள் அவரிடம் சொன்ன புத்திமதியை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பத்தாவதைத் தனித்தேர்வாக எழுது, அடுத்து குரூப் 4-க்குப் படி, கோல்ஃபெல்லாம் பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு என்றோம். "சரிக்கா" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் அம்மா மையத்து வாசலில் வந்து நின்றார்.

"எம்மவன் ஏதோ பாரம் கேட்டானாம்ல. நீங்க சிரிச்சீகளாம்."

நாங்கள் சமாளிக்கப் பார்த்தோம். அவர் விடவில்லை. "நெவாரணத்துக்கு எழுதித் தாரீக. சாவுக்கு எழுதித் தாரீக. அவன் வெளயாடக் கேட்டா மட்டும் எழுத மாட்டீகளாக்கும்?"

சமூகவியலில் முதுகலை படித்தவர்கள் நாங்கள். கோயில் வாசல், டீக்கடை டம்ளர், ஊர்க் குளம் பற்றியெல்லாம் மேடைமேடையாகப் பேசியவர்கள். யார் எங்கே நுழையலாம் என்பதை அடுத்தவர் முடிவு செய்வதுதான் சாதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். அந்தத் தம்பி எங்கே நுழையக்கூடாது என்பதை ஒரே சிரிப்பில் நாங்களே முடிவு செய்திருந்தோம். பாரத்தை அனுப்பச் சொன்னோம். அதன் பிறகுதான் இந்த விளையாட்டைப் பற்றிப் படிக்கவும் தொடங்கினோம்.

சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம் ஊர் ஆலைகளை நாம் எப்படித் தரம் பிரிக்கிறோம்? டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். எந்த லைசென்ஸோ, அதற்குத் தக்க அளவு சரக்குத்தான் செய்யலாம். கோல்ஃபிலும் இப்படிப் படிகள் உண்டு. இந்தியாவுக்குள் நடக்கும் தொழில்முறைப் போட்டிகளை 2006-ல் தொடங்கிய பி.ஜி.டி.ஐ. என்ற அமைப்பு நடத்துகிறது. அதற்கு மேலே ஆசியன் டூர். ஐரோப்பாவை மையமாகக் கொண்ட டிபி வேர்ல்டு டூரும் அமெரிக்காவின் பிஜிஏ டூரும் அதற்கும் மேலே. ஒவ்வொரு படிக்கும் 'கார்டு' வேண்டும். பல படிகளில் அந்தக் கார்டுக்காகவே ஒரு தகுதிப் போட்டி நடக்கும், அதை 'கியூ ஸ்கூல்' என்கிறார்கள். பள்ளிக்கூடம் என்றுதான் பெயர், யாரும் எதையும் கற்றுத் தருவதில்லை. யார் குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுகிறார்களோ அவர்களில் முதல் சில பேருக்குக் கார்டு. ஒரு அடி கூடிப்போனால் அடுத்த வருடம்தான்.

எங்கள் தம்பி கேட்டது இந்த ஏணியின் முதல் படியை. அந்த முதல் படிக்கே நுழைவுக் கட்டணம், ரயில் செலவு, தங்கும் செலவு, அத்தனை நாள் கூலி இழப்பு என்று எல்லாம் உண்டு. பயிற்சிக்கு அவருக்குக் கிடைத்தது வாரத்தில் ஒரே நாள். திங்கட்கிழமை உறுப்பினர்கள் வரமாட்டார்கள், அன்றைக்கு மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். மற்ற ஆறு நாளும் அதே புல்லில் நடப்பார், கையில் மட்டை இருக்காது, தோளில் பை இருக்கும். அவரிடமிருந்த மட்டைகள் ஒரு உறுப்பினர் புதிது வாங்கியபோது கழித்துக் கொடுத்தவை.

"எத்தனை கஜம், எந்த மட்டை, கிரீன் எந்தப் பக்கம் சாயுதுன்னு நாங்கதான் சொல்லுவோம். பந்து குழிக்குப் போனா அவரு அடிச்சது. போகலன்னா நாங்க தப்பாச் சொன்னது" என்றார் தம்பி. இன்னொன்றும் சொன்னார். அங்கே ஐம்பது வயதுக் கேடியையும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்களாம். எங்கள் தாத்தாக்களை ஊர்த்தெருச் சின்னப்பையன்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எங்களுக்கு ஞாபகம் வந்தது.

விளையாட்டில் இந்தக் கதை பழையது. பல்வங்கர் பாலுவை நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் மைதானத்தைப் பராமரித்துக்கொண்டு, வலைப் பயிற்சியில் அவர்களுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தவர். மட்டையை அவர் கையில் கொடுக்கவில்லை. அவருடைய பந்துவீச்சு இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகு இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர். 1911-ல் இங்கிலாந்து போய் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்துத் திரும்பியவருக்குக் கடைசிவரை அணித்தலைமை கிடைக்கவில்லை.

கோல்ஃபில் நாம் தெரிந்துகொள்ளவேண்டிய பெயர் பாப்வா செவ்கோலம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மனிதர். 1860-ல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் போய்ச் சேர்ந்த அதே ஊர். செவ்கோலமும் கேடியாக இருந்தவர்தான். யாரும் சொல்லித்தராததால் மட்டையில் இரண்டு கைகளையும் இடம் மாற்றிப் பிடித்தே பழகினார், அப்படியே ஆடி 1959-லும் 1960-லும் டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். 1963-ல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனையும் வென்றார். பரிசளிப்பு கிளப் கட்டடத்துக்குள் நடந்தது. நிறவெறிச் சட்டத்தின்படி அவர் உள்ளே போக முடியாது. மழையில் வெளியே நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965-ல் அதே பட்டத்தை உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரைத் தோற்கடித்து மறுபடி வென்றார். பிறகு அவரைப் போட்டிகளுக்குள்ளேயே விடாமல் தடுத்துவிட்டார்கள். 1978-ல் வறுமையில் இறந்தார்.

அமெரிக்காவில் தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தின் விதியில் 'வெள்ளையர் மட்டும்' என்ற வரி 1961 வரை இருந்தது. அதை எதிர்த்துப் போராடிக் கார்டு வாங்கிய சார்லி சிஃபோர்டும் சிறுவயதில் கேடி. உலகம் பூராவும் பையைத் தூக்க எங்களைப் போன்றவர்களை உள்ளே விட்டிருக்கிறார்கள். மட்டையைத் தூக்கும்போதுதான் விதிப்புத்தகம் வெளியே வந்திருக்கிறது.

இந்தியாவில் அப்படி எழுதிவைத்த விதி தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829-ல் கல்கத்தாவில் தொடங்கியது. அன்றிலிருந்து உறுப்பினர் கட்டணமும் சிபாரிசும் போதுமான வேலியாக இருக்கின்றன. அந்த வேலியையும் தாண்டி வந்தவர்கள் உண்டு. இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 1991-ல் வென்றார், 1993-ல் மறுபடியும் வென்றார். 2009-ல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். எங்கள் தம்பியின் போனில் முகப்புப் படமாக இருப்பவர் அவர்தான்.

இன்னொரு செய்தி எங்களை உட்காரவைத்தது. 2023-ல் பி.ஜி.டி.ஐ. தரவரிசையில் முதலிடம் பிடித்து, அதன் வழியாக ஐரோப்பிய டூருக்குக் கார்டு வாங்கியவர் ஓம் பிரகாஷ் சௌஹான். 2016-ல் 51 வயதில் டெல்லியில் தன் முதல் ஆசியன் டூர் பட்டத்தை வென்றவர் முகேஷ் குமார். இரண்டு பேருக்கும் ஒரே ஊர், மத்தியப் பிரதேசத்தின் மோவ். அண்ணல் அம்பேத்கர் 1891-ல் பிறந்த அதே ராணுவ ஊர். அண்ணலின் அப்பா சுபேதார் ராம்ஜி ராணுவத்தில் வேலை பார்த்ததால் அவர் அங்கே பிறந்தார். இந்த இருவரின் சாதியைப் பற்றி நாங்கள் பேசவில்லை. சின்ன ஊரில் மைதானம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்கிறோம். மோவ் பற்றித் தம்பியிடம் சொன்னோம். "அப்பிடியாக்கா" என்று ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்.

முதல் வருடம் கட்டணத்துக்கு அவர் அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் தைரியம் இல்லை. ஆலை திறக்கவில்லை என்றால் அந்தத் தவணையை எப்படிக் கட்டுவார் என்று எங்களுக்குத் தெரியும். தம்பி ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் வடக்கே போனார். மற்றவர்களுக்குக் கேடி இருந்தது. அவர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு ஆடினார். இரண்டு நாள் ஆட்டத்தின் முடிவில் மூன்று அடியில் வாய்ப்புப் போனது.

மையத்தில் பிள்ளைகளோடு போனில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பெயருக்குக் கீழே கோடு விழுந்ததும் ஒரு பிள்ளை கேட்டாள்: "அண்ணே ஃபெயிலாக்கா?" பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி பை தூக்கப் போய்விட்டார்.

இந்த வருடம் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இறுதிக் கட்டத்தில் நிற்க முடியவில்லை. அம்மாவின் கடனில் இன்னும் ஐந்து தவணை பாக்கி இருக்கிறது.

தோழர்கள் சிலர் எங்களைக் கேட்டார்கள். குறைந்தபட்சக் கூலிக்கே போராடிக்கொண்டிருக்கிறோம், விபத்தில் செத்தவர்களுக்கு நிவாரணம் வாங்கவே அலைகிறோம், இதில் கோல்ஃப் ஒரு கேடா என்று. நியாயமான கேள்விதான். ஒரு தம்பி கார்டு வாங்கினால் காலனிக்குத் தண்ணீர் வந்துவிடாது. மருந்து அறையில் கைகள் வேகாமல் இருக்கப்போவதும் இல்லை. அந்தப் போராட்டங்களை நாங்கள் விடவில்லை, விடவும் மாட்டோம். ஆனால் நம் பிள்ளை எதற்கு ஆசைப்படலாம் என்று ஒரு பட்டியல் போட்டு, அதற்கு மேல் கேட்டால் சிரிக்கிற வேலையை நாமும் செய்யக்கூடாது. அந்தப் பட்டியலைப் போட வேறு ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அரசிடம் கேட்கவேண்டியதும் இருக்கிறது. கோல்ஃப் மைதானங்கள் பலவும் அரசு நிலத்தில், குத்தகையில் இருப்பவை. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தின் குத்தகையைத் தமிழக அரசு 2024-ல் ரத்து செய்தபோது, பொது நிலம் யாருக்காக என்ற பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடக் கூடாது. பொது நிலத்தில் இருக்கும் ஒவ்வொரு கிளப்பும் தன் கேடிகளைத் தொழிலாளர் என்று ஏற்று இ.எஸ்.ஐ., பி.எஃப். கொடுக்கவேண்டும். அவர்கள் பயிற்சி எடுக்கத் திங்கட்கிழமையோடு சேர்த்து மற்ற நாட்களிலும் நேரம் ஒதுக்கவேண்டும். ஆதிதிராவிடர் நலத்துக்கான நிதியில் விளையாட்டு உதவி கேட்டு எங்களைப் போன்ற பிள்ளைகள் வந்தால், எந்த விளையாட்டு என்று பார்த்து முகம் சுளிக்காமல் பாரத்தை வாங்கவேண்டும்.

போன வாரம் தம்பி தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தார். மையத்துப் பின்னால் கருவேல மரங்களை வெட்டிய இடத்தில் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். ஒரு பழைய மட்டை, நாலு பந்து. தண்ணீர் கேனைப் பாதியாக வெட்டித் தரையில் புதைத்துக் குழி செய்தார்கள். வரிசையில் முதலில் நின்றது, ஃபெயிலா என்று கேட்ட அந்தப் பிள்ளைதான்.

கிளம்பும்போது அடுத்த வருடத்துக்கான பாரத்தைத் தந்துவிட்டுப் போனார். இந்த ஞாயிற்றுக்கிழமை நிரப்புகிறோம். கட்டணத்துக்கு இந்தத் தடவை அவர் அம்மா கடன் எடுக்கக்கூடாது என்று மையத்தில் எல்லோருமாக முடிவு செய்திருக்கிறோம். பெங்களூர், சென்னைப் பக்கம் இருக்கும் தோழர்கள் யாரிடமாவது பழைய கோல்ஃப் மட்டை இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எங்கள் பிள்ளைகள் ஒரே ஒரு மட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள்.

ஜெய் பீம்.