தென்னம்பிள்ளை

மதுரைச் சீமைக்காரர்களுக்கு ஒரு விசித்திரமான மனோபாவம் உண்டு. வங்காள விரிகுடாவில் புயற்சின்னம் என்று செய்தி வந்தால் கடற்கரை ஜனங்கள் கலங்கிப் போவார்கள். நாமோ வானத்தை ஆசையோடு அண்ணாந்து பார்ப்போம். வைகையில் மணல் பறப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? புயல் எங்கேயாவது கரையேறட்டும், அதன் மழை மட்டும் நம் கண்மாயில் விழட்டும் என்பதே நமது பிரார்த்தனை. 2018-ஆம் வருஷம் நவம்பர் 15-ஆந் தேதி இரவு, திருப்பரங்குன்றத்தில் நமது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தென்கால் கண்மாயை மனத்தில் வைத்துக்கொண்டு, நாமும் அப்படித்தான் வேண்டிக்கொண்டோம். இதை எழுதும்போது வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் நேயர்களிடம் மறைப்பதற்கில்லை.

அந்தப் புயலுக்குக் 'கஜா' என்று பெயர். இலங்கை கொடுத்த பெயர் அது. யானை என்று பொருள். நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அந்த யானை கரையேறியது. வேகம் மணிக்கு 100 முதல் 120 கிலோமீட்டர். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வேதாரண்யத்தின் உப்பளங்களில் சேற்றை வாரி இறைத்தது. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று மேற்கே நடந்து, புதுக்கோட்டை ஜில்லாவை மிதித்து, திண்டுக்கல்லைத் தாண்டி, கோடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்துவிட்டுக் கேரளத்தின் வழியே அரபிக் கடலில் இறங்கிவிட்டது. நமக்குக் கிடைத்தது சில்லென்ற காற்றும் சிறு தூறலுந்தான். "இவ்வளவுதானா?" என்று சொல்லிவிட்டுக் காலைக் காப்பியைக் குடித்தோம்.

காப்பி குடித்து முடிக்கும் முன்பே வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. நமது பெண்ணைப் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொடுத்திருக்கிறோம். எத்தனை முறை டெலிபோனில் கூப்பிட்டும் பதில் இல்லை. "எல்லோரும் க்ஷேமம், தோப்புத்தான் போய்விட்டது" என்ற சேதி வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அரிசி, மெழுகுவர்த்தி, தார்ப்பாய் எல்லாம் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு நாம் புறப்பட்டபோது திருக்கார்த்திகை வந்துவிட்டது.

அமெரிக்க தேசத்தில் 'டொர்னேடோ' என்று ஒரு சுழற்காற்று உண்டு. அது ஒரு தெருவைத் துடைத்துவிட்டுப் போகும். அடுத்த தெருவில் கொடியில் காயும் துணி அப்படியே இருக்குமாம். நமது கடற்புயலோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் உள்ளது. ஆனாலும் அது போன வழியும் கோடு கிழித்தாற்போலத்தான் தெரிந்தது. திருமயம் வரையில் உலகம் வழக்கம்போல் இருந்தது. புதுக்கோட்டையை நெருங்க நெருங்கச் சாய்ந்த மரங்கள் தென்பட்டன. ஆலங்குடிக்கு அப்பால், நிமிர்ந்து நிற்கும் மரத்தைத் தேட வேண்டியிருந்தது.

நமது சம்பந்திக்கு அப்போது வயது 70. அவருடைய தோப்பு இரண்டு ஏக்கர், மரங்கள் 140. நின்றவை ஒன்பது. விழுந்தவற்றில் ஒரு பாதி தெற்கே தலை வைத்துக் கிடந்தது, மறு பாதி வடக்கே. காரணம் கேட்டோம்.

"முதலில் வாடைப் பக்கமிருந்து அடித்தது, சம்பந்தி. அப்புறம் கொஞ்ச நேரம் ஓர் இலை அசையவில்லை. ஓய்ந்துவிட்டது என்று எண்ணிச் சிலர் வெளியே கூட வந்துவிட்டார்கள். பிறகு தெற்கேயிருந்து பிடித்துக்கொண்டது" என்றார்.

புயலின் கண் என்று சொல்வது அந்த அமைதியைத்தான். காற்று அந்தக் கண்ணைச் சுற்றிச் சுழல்வதால், அது கடந்து போனதும் எதிர்த் திசையிலிருந்து வீசுகிறது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. மெல்லிய வேர்கள் கொத்தாய்ப் பரவி மண்ணைப் பிடித்திருக்கும். முதற் காற்று அந்தப் பிடியைத் தளர்த்திற்று. இரண்டாவது காற்று பறித்துப் போட்டது. தென்றல் பிறக்கிற திசையிலிருந்தா இது வர வேண்டும்!

உயிரைக் காக்கும் வித்தையில் நம் நாடு முன்னேறியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில், நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோயிற்று. கஜா வரும் முன்போ, 80,000-க்கு மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டு சேர்த்தார்கள். அப்படியும் 40-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். முன்னெச்சரிக்கை இராவிட்டால் கதி என்ன ஆகியிருக்கும்? ஆனால் தென்னந்தோப்பை எந்த முகாமில் கொண்டுபோய் வைப்பது?

விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 என்று சர்க்கார் நிவாரணம் அறிவித்திருந்தது. சம்பந்தி அதைக் குறைவாகப் பேசவில்லை. "மரத்தைச் சரியாக எண்ணிவிட்டார்கள், சம்பந்தி, வருஷத்தை எண்ண முடியவில்லை. இவை மாப்பிள்ளை பிறந்த வருஷம் வைத்தவை. இனிக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம். அதுவரைக்கும் சாப்பாடு?" என்றார்.

பொழுது சாய்ந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்திருந்த சமயம், ஊரெங்கும் இருட்டு. சம்பந்தி அம்மாள் வாசலில் இரண்டு அகல் ஏற்றி வைத்தாள். அக்கம்பக்கத்து வாசல்களிலும் அவ்வாறே ஒன்றிரண்டு தெரிந்தன. திருப்பரங்குன்றத்தில் அந்நேரம் நம் தெரு முழுவதும் தீப வரிசையாக இருக்கும். இங்கேயோ விளக்கு அலங்காரமல்ல. கண் தெரிவதற்கு அதுவே கதி.

அந்த வெளிச்சத்தில் மனத்தை அடக்க முடியவில்லை. புயல் இரவில் நாம் மழைக்கு வேண்டிக்கொண்டதைச் சொல்லிவிட்டோம். கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். அவர் தலையை நிமிர்த்தி, "கண்மாய் நிறைந்ததா?" என்று கேட்டார்.

"இல்லை."

"அடடா!" என்றார். பரிகாசமாக அல்ல, மெய்யான வருத்தத்தோடு. தண்ணீரின் அருமை தெரிந்த குடியானவரல்லவா?

இரண்டு வாரம் வரையில் நிவாரண லாரிகள் அந்தச் சாலையில் வரிசையாய் வந்தன. பிறகு சாலை வெறிச்சென்றாயிற்று. அதற்கு மேல்தான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை திருப்பூருக்கு வேலைக்குப் போனார். சம்பந்தி 2019-இல் புதிதாகத் தென்னங்கன்றுகள் ஊன்றி, நடுவில் நிலக்கடலையும் உளுந்தும் போட்டுக் காலம் தள்ளினார். கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்று நம் முன்னோர் வெறுமனே சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகும் வயது வரை அதற்கு நாம்தான் ஊட்ட வேண்டும். புயலடித்த ஊருக்கு முதல் வாரத்தில் அரிசி கொடுப்பது தர்மம். மூன்றாம் வருஷத்திலும் ஞாபகம் வைத்திருந்து, ஒரு பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தையாவது கட்டுவது அதைவிடப் பெரிய தர்மம் என்பது நமது அபிப்பிராயம்.

ஆறு வருஷம் கழித்து ஒரு நாள், பட்டுக்கோட்டையிலிருந்து வந்த பஸ்ஸில் நமக்கு ஒரு சாக்குப் பை வந்து சேர்ந்தது. உள்ளே பத்து இளநீர். முதல் குலை.

இப்போதும் விரிகுடாவில் புயற்சின்னம் என்றால் நாம் வானத்தைப் பார்க்கத்தான் செய்கிறோம். பிறவிக் குணம் போகுமா? ஆனால் அதற்கு முன்பு சம்பந்தியை டெலிபோனில் கூப்பிட்டுவிடுகிறோம்.