அட்டவணையில் இல்லாத நாள்

2022 பங்குனியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வெளிக்கிட்டோம். பதினைந்து நிமிசப் படம். கையில் இருந்தது ஒரு கமெரா, பற்றறி நாற்பது நிமிசத்துக்கு மேல் நிற்காத ஒரு லப்டொப், மூன்று மோட்டார் சைக்கிள். நாடு இருந்த நிலைமை உங்களுக்கே தெரியும். அந்த மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது.

அட்டவணை போட்டது நான்தான். திட்ட முகாமைத்துவம் படித்துக்கொண்டிருந்த காலம், சும்மா இருக்க ஏலுமா? பேர்ட் என்று ஒரு முறை இருக்கிறது. 1958 அளவில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு உருவாக்கியது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கணக்குப் போடவேண்டும்: எல்லாம் சரியாக நடந்தால் எத்தனை நாள், வழமையாக எத்தனை, எல்லாம் பிழைத்தால் எத்தனை. வழமையானதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் எதிர்பார்க்கும் நாள் வரும். எங்கட எடிற்றிங்குக்கு 2, 4, 12 என்று போட்டேன். ஐந்து நாள் வந்தது. ஏவுகணைக்குச் சரிவந்தது எங்களுக்கு வராதா என்று ஒரு நினைப்பு.

முதல் அடி அங்கேயே விழுந்தது. ஒரு பக்கம் படப்பிடிப்பு, மறுபக்கம் எடிற்றிங் என்று தாளில் இரண்டு கோடு பக்கத்தில் பக்கத்தில் கீறியிருந்தேன். கமெரா பிடிக்கிறவனும் எடிற் பண்ணுகிறவனும் ஒரே ஆள். கமெராவும் அவன்ர, லப்டொப்பும் அவன்ர. ஆக, இரண்டு கோடும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வரிசையில் நிற்கவேண்டும், பெற்றோல் செட் கியூ மாதிரி. மூன்று கிழமை ஆறு கிழமையாகியது. வேலைகளின் ஒழுங்கை மட்டும் பார்த்தால் போதாது, ஒரே ஆளுக்காக எத்தனை வேலை காத்து நிற்குது என்றும் பார்க்கவேணும் என்று கோல்ட்ராற் 1997 இல் ஒரு புத்தகமே எழுதினவர். பரீட்சைக்கு அதைப் பாடமாக்கியும் இருந்தனான்.

மின்வெட்டை நல்லாத்தான் சமாளித்தோம். எங்கட பகுதிக்கு எந்த எழுத்து, எத்தனை மணிக்குப் போகும், எத்தனைக்கு வரும் என்று எல்லாம் அட்டவணையில் ஏற்றியிருந்தேன். பெற்றோலும் அப்படித்தான். சித்திரை 15 இலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு ஒருதரம் 1000 ரூபாய்க்குத்தான் அடிப்பார்கள். சில நாளில் லீற்றர் 338 ரூபாயாக, அந்த ஆயிரத்துக்கு மூன்று லீற்றர்கூட வரவில்லை. அதனால் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் எடுக்கவேண்டிய கடைசிச் சீனைக் கடைசிக்கே தள்ளினேன். சேர்த்து வைத்த பெற்றோலில் எல்லாரும் ஒரே தடவையில் போய் வருவம் என்பது திட்டம்.

"மச்சான், கசூரினாவை முதல் எடுப்பமடா," என்று அவன் இரண்டு தரம் சொன்னவன். நான் லப்டொப்பைத் திருப்பி அட்டவணையைக் காட்டினேன். அவன் ஒன்றும் கதைக்கேல்லை.

வைகாசியில் ஒருநாள் இரவு போன் எடுத்தான். விசா வந்திட்டுதாம், நாலு நாளில் பிளைற். மாசிக்கு முதலே பைல் போட்டிருக்கிறான். சரிவரும்வரைக்கும் ஆருக்கும் சொல்லக்கூடாது, கண்பட்டிடும் என்று அம்மா சொன்னவவாம். எங்கட ஊரில் ஆர்தான் முன்கூட்டிச் சொல்லுறது? எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தால், அவன் தன்னால் ஏலுமான அளவுக்குச் சொல்லித்தான் இருக்கிறான். நேரசூசி போட்டு வந்த கரண்டுக்கு ஒரு நிரல் ஒதுக்கின எனக்கு, நேரசூசி இல்லாத அவனுக்கு ஒரு கட்டம் ஒதுக்கத் தோன்றவில்லை.

அந்த நாலு நாளும் அவன் கடைகளிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் நின்றான். கசூரினாச் சீனைப் பிறகு நாங்கள் போனில் எடுத்தோம். நிறம் ஒட்டாது, பார்த்தவுடனே தெரியும். சேர்த்து வைத்த பெற்றோலில் பாதி அவனை பஸ் ஏற்றிவிடப் போனதில் முடிந்தது.

இப்ப இன்னொரு படம் தொடங்குறம், ஆறு பேர். முதல் சந்திப்பில் அட்டவணையைத் திறக்க முதல் கேட்டேன்: "உங்களில ஆர் வெளியில போறதுக்குப் பைல் போட்டிருக்கிறியள்?" நாலு பேர் சிரித்தார்கள். மற்ற இரண்டு பேரின் சீன்களையும் முதல் கிழமையிலேயே போட்டுவிட்டேன்.